தாத்தாவோட டைட்டோனி: டயல்ல இருக்கறது அழுக்கில்ல

தங்கச்சி, நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன், படத்தையும் பெருசாக்கிப் பாத்தேன். மத்தவங்களுக்கும் புரியணும்ல, அதனால சுருக்கமா சொல்லிடறேன். பினாங்கு பட்டர்வொர்த்துல தாத்தா வீட்ட காலி பண்ணும்போது பிஸ்கட் டின்னுக்குள்ள ஒரு டைட்டோனி வாட்ச் கெடச்சிருக்கு, வார் இத்துப் போச்சு, ஓடல, நீங்க கிரவுன, அதான் பக்கத்துல இருக்கற சாவித் திருக, இழுத்து முள்ள நகத்திப் பாத்தப்ப அதுக்கு அடியில டயல்ல பழுப்பா ஒரு கறை, பின்மூடில தாத்தாவோட இனிஷியல், கீழ எம்.ஆர்.னு ரெண்டு எழுத்து, 1959. கடைக்காரர் ஒருத்தர் டயலுக்கு புது பெயின்ட், கேஸுக்கு, அதாவது வெளிக்கூட்டுக்கு பாலிஷ், சர்வீஸ் எல்லாம் சேத்து 350 வெள்ளின்னு (ரிங்கிட்) சொல்லிட்டாரு, குடுக்கலாமான்னு கேக்கறீங்க.

சர்வீஸுக்கு குடுங்க. டயலையும் கேஸையும் தொட விடாதீங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாதான் போகும், கோப்பி எதாச்சும் கலக்கி வச்சுக்கிட்டு உக்காருங்க.

முதல்ல அந்த எம்.ஆர். யாரோ ஒரு ஆளோட பேரா இருக்கும்னு நெனச்சீங்க. தாத்தா ரயில்வேல வேலை செஞ்சாருன்னு நீங்களே மேல ஒரு வரில சொல்லியிருக்கீங்க லா. நம்ம மலேசியா ரயில்வேய இப்ப கேடிஎம்னு சொல்றது 1962ல வந்த பேரு, அதுக்கு முன்னாடி 1948லருந்து அது மலாயன் ரயில்வே, யுத்தத்துக்கு முன்னாடி எஃப்.எம்.எஸ்.ஆர்., அதாவது ஃபெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸ் ரயில்வே. அப்போ 1959ல எம்.ஆர்.னு வெட்டியிருந்தா அது மலாயன் ரயில்வேயாதான் இருக்கணும்னு நான் நெனைக்கிறேன், சர்வீஸ் முடிச்சதுக்கோ வேற எதுக்கோ குடுத்த பரிசா இருக்கலாம், இல்ல கூட வேலை செஞ்சவங்க காசு போட்டு வாங்கிக் குடுத்ததாவும் இருக்கலாம், அது உங்க அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ தெரியும், இன்னைக்கே கேளுங்க. நமக்கு இதுல ஆகற காரியம் என்னன்னா, வெட்டின வருஷம் வாட்ச் செஞ்ச வருஷம் கெடையாது, கடையில கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஒண்ணு ரெண்டு வருஷம் கெடந்திருக்கும். ஆனா 1959க்கு அப்புறம் செஞ்சதா இருக்க முடியாது. இது பின்னாடி கறைக்கு வரும்போது உதவும்.

டைட்டோனி நல்ல சுவிஸ் கம்பெனி, கிரென்ஷென்னு ஒரு ஊர்ல 1919ல ஃப்ரிட்ஸ் ஷ்லுப்புன்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, முதல்ல ஃபெல்கான்னு பேர் போட்டு வித்தாங்க, 1950கள்ல டைட்டோனின்னு வந்துச்சு, இன்னைக்கும் அந்தக் குடும்பத்துக்கிட்டயேதான் இருக்கு. டயல்ல 12க்கு கீழ இருக்கற அந்தப் பூ பிளம் பூ. சீனவங்க மெய்ஹுவா வாட்சுன்னுதான் சொல்வாங்க, அவங்களுக்கு அது ராசியான பூ, அதனாலயே நம்ம பக்கம் நல்லா ஓடுச்சு. எங்க அப்பா காலத்துல ரோலெக்ஸ் தவுக்கே, அதான் முதலாளி, கையில இருக்கும், கொஞ்சம் சம்பளம் வாங்கறவங்க கையில டைட்டோனியோ ரோமரோ டைட்டஸோ இருக்கும். கல்யாண மாப்பிள்ளைக்கு வாட்ச் போடறதுன்னா அதுவே பெரிய சீர்.

உள்ள இருக்கற மெஷின் அவங்களே செஞ்சதா இருக்காது, அந்தக் காலத்துல முக்காவாசி சுவிஸ் பிராண்டும் வெளிய மெஷின் வாங்கி தன் பேர போட்டுக்கிட்டதுதான், அதுல கௌரவக் கொறச்சல் ஒண்ணுமில்ல. ஈட்டான்னும் ஏ. ஷில்டுன்னும் ரெண்டு பெரிய மெஷின் கம்பெனி அதே கிரென்ஷென் ஊர்லயேதான் இருந்துச்சு. மூடிய திறந்ததும் பேலன்ஸ் வீல் ஆடுற எடத்துக்கு அடியில பொடி எழுத்துல ஒரு முத்திரையும் நம்பரும் இருக்கும், அதுதான் மெஷினோட அடையாளம், அந்த நம்பர் இருந்தா பார்ட்ஸ் தேட முடியும். டயல்ல இருக்கற 17 ஜுவல்ஸ்னா உள்ள 17 ரூபி கல்லு இருக்குன்னு அர்த்தம், வெல பேசற அளவுக்கு எல்லாம் கெடையாது, செயற்கைக் கல்லுதான், சக்கரத்தோட ஊசி தேயாம இருக்க வைக்கிறது. இன்காபிளாக்னு எழுதியிருக்கறது கீழ விழுந்தா அந்த ஊசி ஒடியாம காப்பாத்தற ஸ்பிரிங். அவ்வளவுதான், இதெல்லாம் மாடல் பேரு இல்ல.

இப்ப கறைக்கு வரேன், நான் இவ்வளவு எழுதறதே அதுக்காகத்தான்.

உங்க ரெண்டாவது படத்த நல்லா பாருங்க. அந்தப் பழுப்பு வட்டமா இல்ல, தண்ணி எறங்குன மாதிரி ஓரத்துல இருந்தும் வரல. நடுவுல இருந்து ரெண்டு கோடா போகுது, ஒண்ணு குட்டையா கொஞ்சம் தடிமனா 2 தாண்டி, இன்னொண்ணு நீளமா 4க்கு. முள்ளோட உருவம் அது. 2 மணி 20 நிமிஷம். அந்த முள்ளுக்குள்ள இருட்டுல மின்னற பெயின்ட் பூசியிருக்கும், 1959க்கு முன்னாடி செஞ்ச வாட்சுல அது பெரும்பாலும் ரேடியம். ரேடியத்துல இருந்து வர கதிர் வருஷக்கணக்கா ஒரே எடத்துல பட்டுக்கிட்டே இருந்தா கீழ இருக்கற டயலோட வார்னிஷ் பழுப்பாயிடும். அதாவது தாத்தா கடைசியா சாவி குடுத்து, வாட்ச கழட்டி டின்னுல வச்சு, அது ஓடி ஓடி சாவி எறங்கி நின்ன நேரம் அது. நீங்க கிரவுன திருகற வரைக்கும் அந்த முள்ளு அங்கேயே இருந்துச்சு, டயல்ல தன் நிழல தானே சுட்டு வச்சிருக்கு. கடைக்காரர் 350 வெள்ளி வாங்கிட்டு தொடைக்கப் போறது அதத்தான்.

ரேடியம்னதும் பயந்து டின்னோட கடல்ல வீசிடாதீங்க. கண்ணாடியும் மூடியும் மூடியே இருந்தா ரேடியத்தோட ஆல்ஃபா கதிர் வெளிய வராது, கொஞ்சம் காமா வரும், எப்பவாச்சும் விசேஷத்துக்கு கட்டிட்டு கழட்டினா பெருசா ஒண்ணுமில்ல, ராத்திரி தலகாணிக்கு அடியில வச்சுத் தூங்க வேண்டாம், சின்னப் புள்ளைங்க கையில குடுக்க வேண்டாம். ஆபத்து அந்தப் பெயின்ட் பொடியா உதிர்ந்து மூச்சுலயோ வாயிலயோ போறதுதான். அமெரிக்கால நியூ ஜெர்சில வாட்ச் டயல் பூசற ஃபேக்டரில வேலை செஞ்ச பொண்ணுங்க பிரஷ் நுனிய ஒதட்டுல வச்சு கூராக்கிப் பூசினாங்க, தாடை எலும்பு அரிச்சு செத்தவங்க இருக்காங்க, அஞ்சு பேர் கேஸ் போட்டு 1928ல நஷ்டஈடு வாங்கினாங்க. அதனால வீட்டுல கண்ணாடிய கழட்டி பல் பிரஷ்ஷால டயல தேய்க்கற வேலை வேண்டவே வேண்டாம். ரிப்பேர்காரர்கிட்டயும் முதல்லயே "பழைய ரேடியம் டயல், ஊதாதீங்க"ன்னு சொல்லிடுங்க, அனுபவம் உள்ளவர்னா கழட்டினதும் டயலையும் முள்ளையும் தனியா மூடி வச்சிட்டு மெஷின மட்டும் கழுவுவாரு.

இருட்டுல வச்சுப் பாத்தேன் மின்னவே இல்ல, அப்ப ரேடியம் போயிடுச்சுன்னு சிலர் சொல்வாங்க, அது தப்பு. மின்னறது கூட கலந்திருக்கற சிங்க் சல்ஃபைடு, அது அடி வாங்கி வாங்கி சீக்கிரமே செத்துடும். ரேடியம் பாதியா கொறையவே 1600 வருஷம் ஆகும். 1960கள்ல இருந்துதான் கொஞ்சம் கொஞ்சமா டிரிட்டியத்துக்கு மாறினாங்க, அது 12 வருஷத்துலயே பாதியாயிடும், டயல் அடியில சுவிஸ் மேட்ங்கற எழுத்துக்குப் பக்கத்துல ஒரு டி போட்டிருந்தா அது டிரிட்டியம். உங்களோடதுல டி இல்ல, பாத்துட்டேன்.

டயல் பெயின்ட் விஷயத்துல எனக்கு சொந்த அனுபவம் இருக்கு. எங்க அப்பாவோட ரோமர நான் 20 வருஷத்துக்கு முன்னாடி ஒரு கடையில குடுத்தேன், எந்தக் கடைன்னு வேண்டாம். பளபளன்னு வந்துச்சு, வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். நான் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஏரியால 22 வருஷம் மைக்ராஸ்கோப்புக்கு கீழ வேலை பாத்தவன், ஒரு நாள் சும்மா லூப் (கண்ணுல வச்சுப் பாக்கற பூதக்கண்ணாடி) வச்சுப் பாத்தா எழுத்து எல்லாம் தடியா மையி பரவின மாதிரி இருக்கு, நிமிஷக் கோடு சில எடத்துல மணி காட்டற கட்டைக்கு நேரா வரல, அடியில சுவிஸ் மேட்ங்கறதே காணோம். சரி டயல்தானேன்னு மூடிய திறந்தா மூடியும் வேற. அதுல என்ன போச்சுன்னு உங்களுக்கு சொல்லணும்.

பழைய ரிப்பேர்காரங்க வாட்ச திறந்து சர்வீஸ் பண்ணி மூடும்போது மூடியோட உள்பக்கம் ஊசியால பொடியா கீறி வைப்பாங்க, தேதி, தன் குறியீடு, சில பேரு வேலை நம்பர். திரும்ப வந்தா நம்ம கை பட்டதான்னு தெரிஞ்சுக்கறதுக்கு. வெறும் கண்ணுக்கு தெரியாது, வெளிச்சத்த சாய்ச்சுப் பிடிக்கணும். எங்க மாமா வாட்சுல நான் பாத்திருக்கேன், 12/64, 5/71, 2/80, மூணும் மூணு கையெழுத்து. 80க்கு அப்புறம் ஒண்ணுமில்ல. மாமிகிட்ட கேட்டா அந்த வருஷம்தான் மாமா கேசியோ வாங்கினாராம். எங்க அப்பா வாட்சுல என்ன இருந்துச்சோ, அது அந்தக் கடையோட குப்பைத் தொட்டில போச்சு. அதனால உங்க வாட்ச குடுக்கும்போது மூடி, டயல், முள்ளு, கிரவுன் எல்லாத்தையும் கிட்டத்துல படம் எடுத்து வச்சுக்குங்க, திறந்ததும் மெஷினையும் மூடி உள்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. மாத்தின பழைய பார்ட்ஸ் எல்லாம் பொட்டலம் கட்டி திரும்ப வேணும்னு முன்னாடியே சொல்லிடணும், அப்புறம் கேட்டா கெடைக்காது.

கேஸ் பாலிஷும் வேண்டாம்னு சொன்னேன்ல, உங்க மூடில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்னு இருக்கு, அதோட அர்த்தம் மூடி மட்டும்தான் ஸ்டீல், மீதி பித்தளைக்கு மேல தங்க முலாம். வார் மாட்டற காதோட ஓரத்துல ஏற்கனவே மஞ்சப் பித்தளை எட்டிப் பாக்குது. பாலிஷ் மெஷின்ல வச்சா மிச்சம் இருக்கற முலாமும் போயிடும், தாத்தா பேரும் தேஞ்சிடும்.

சாவி குடுத்துப் பாக்கட்டுமான்னு கேட்டிருந்தீங்க, வேண்டாம். அதிகமா சாவி குடுத்ததால நின்னு போச்சுன்னு எல்லா வீட்டுலயும் ஒரு கதை சொல்வாங்க, அப்படி ஒண்ணு கெடையாது, முழுசா சாவி ஏறியும் ஓடலன்னா உள்ள ஆயில் காஞ்சு பசையாயிடுச்சு, சக்கரம் நகர முடியல. அந்த நெலமைல சாவி ஏத்தி ஆட்டி ஆட்டி ஓட வச்சா காஞ்ச ஆயிலும் துருப்பொடியும் சேந்து ஊசியத் தேய்க்கும். நம்ம பினாங்கு கடல் காத்துல பழைய ரப்பர் வாஷர் எல்லாம் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கும், கிரவுன் போற தண்டு துருப் பிடிச்சிருக்கும், இழுத்தா கையோட வந்துடும். நீங்க ஏற்கனவே இழுத்துட்டீங்க, பரவால்ல, இனிமே வேண்டாம்.

சர்வீஸ்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு போங்க. டவுன்ல காக்கி லீமால, அதான் கடைக்கு முன்னாடி இருக்கற நடைபாதைல, கண்ணாடிப் பொட்டி வச்சு உக்காந்திருக்கற அங்கிளுங்க இப்ப ரொம்ப கொறைஞ்சுட்டாங்க, இருக்கறவங்கள்ல பாதிப் பேரு பேட்டரி மாத்தறதோட சரி. கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: மெஷின முழுசா கழட்டி கழுவுவீங்களா, இல்ல மேலால ஆயில் விடுவீங்களா? மேலால விடறதுன்னா எழுந்திரிச்சு வந்துடுங்க, அழுக்கு மேல ஆயில் விட்டா ஒரு மாசம் ஓடும், அப்புறம் இன்னும் கெட்டியா நிக்கும். முழுசா பண்றவர் ஒவ்வொரு சக்கரமா கழட்டி கழுவி, மெயின் ஸ்பிரிங் சோர்ந்திருந்தா மாத்தி, வேகமா சுத்தற எடத்துக்கு மெல்லிசு ஆயில், மெதுவா அழுத்தமா சுத்தற எடத்துக்கு கெட்டி ஆயில்னு பாத்து வைப்பாரு, அப்புறம் மைக் வச்ச மெஷின்ல டிக் டிக் சத்தத்த அளந்து ஓட்டத்த சரி பண்ணுவாரு. அந்தக் கால மெஷின் பெரும்பாலும் ஒரு மணிக்கு 18,000 தடவ அடிக்கும், செகண்டுக்கு 5, காதுல வச்சா தனித்தனியா கேக்கற அந்தச் சத்தம். சர்வீஸ் முடிஞ்சு ஒரு நாளைக்கு 20, 30 செகண்ட் முன்னப் பின்ன இருந்தா சந்தோஷமா வாங்கிட்டு வாங்க, இந்த வயசுக்கு அது நல்ல ஓட்டம். கண்ணாடி அக்ரிலிக்தான், கீறல் நெறைய இருக்குன்னு மாத்தச் சொல்வாங்க, பாலிஷ் பேஸ்ட் போட்டுத் தேச்சாலே முக்காவாசி போயிடும், இத மட்டும் பாலிஷ் பண்ணலாம்.

எனக்கு வேலை செய்யற அங்கிளுக்கு 70 தாண்டிடுச்சு, ஹொக்கியனும் மலாயும்தான் பேசுவாரு. நான் முதல் தடவ ஒரு பழைய ஒமேகாவ நீட்டி டயல புதுசாக்க முடியுமான்னு கேட்டப்ப லூப்ப கண்ணுல இருந்து எடுக்காமலே "டயல் ஜாங்கான் துக்கார்"னு சொன்னாரு. டயல மாத்தாதன்னு. அவ்வளவுதான் பேச்சு. அவருக்கு அதுல காசு வந்திருக்கும், வேண்டாம்னாரு, அன்னைல இருந்து நான் வேற எடத்துக்கு போறதில்ல.

ஓட ஆரம்பிச்ச பிறகு காலைல ஒரே நேரத்துல சாவி குடுங்க, கையில கட்டியிருக்கும்போது குடுக்காதீங்க, கழட்டி வச்சு, கிரவுன் மேல சின்னதா தடை தெரியற வரைக்கும், அப்புறம் நிறுத்திடணும். தண்ணி படவே கூடாது, மூடில வாட்டர்ப்ரூஃப்னு எழுதியிருந்தாலும் அது 1959ல உண்மை. தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும்போது கட்டாதீங்க, வேர்வையும் மஞ்சத்தண்ணியும் தேங்காத்தண்ணியும் சேந்து ஒரே நாள்ல கத முடிஞ்சிடும். தோல் வார் நம்ம வெக்கையில ஒரு வருஷம்கூட வராது, நாறும், அதனால மூடிக்குப் பின்னாடி சுத்திப் போற ஒரே துண்டு நைலான் வார் வாங்குங்க, ஒரு பக்கம் கம்பி கழண்டாலும் வாட்ச் கீழ விழாது, வேர்வையும் தாத்தா பேர் மேல நேரா படாது. காதுக்கு காது இடைவெளிய மில்லிமீட்டர்ல அளந்துட்டு கடைக்கு போங்க. திடீர்னு நிமிஷக்கணக்குல வேகமா ஓடினா பயப்படாதீங்க, ஹேண்ட்பேக் கிளிப்புலயோ ஃபோன் கவர்லயோ இருக்கற காந்தம் பட்டிருக்கும், காந்தம் எடுக்கறது ரெண்டு நிமிஷ வேலை. கட்டாதப்ப சிலிக்கா ஜெல் போட்ட டப்பா போதும். அரிசி டப்பாவுல போடறத யார் கண்டுபிடிச்சாங்களோ தெரியல, மாவுத் தூசிதான் உள்ள போகும்.

கடைசி வரில அதே டின்னுல செயின் போட்ட ஒரு சீகோ 5 இருக்குன்னு சும்மா எழுதிட்டுப் போயிட்டீங்க. அதுதான் கண்டுபிடிக்க ரொம்ப சுலபம். மூடிக்குப் பின்னாடி கோடு போட்டு பிரிச்ச நம்பர்ல முதல் நாலு மெஷின் நம்பர், தனியா இருக்கற ஆறு இலக்கம் சீரியல், சீரியல்ல முதல் எழுத்து வருஷத்தோட கடைசி இலக்கம், ரெண்டாவது மாசம், அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. 42ன்னு ஆரம்பிச்சா நாலுல முடியற வருஷம் பிப்ரவரி. எந்தப் பத்து வருஷம்ங்கறத மெஷின் சொல்லிடும், 6119னா 1974, 7009னா 1984. அதுக்கு சாவி குடுக்க முடியாது, ஆட்டினாதான் ஏறும், அதனால கிரவுன் சும்மா சுத்துதேன்னு கெட்டுப்போச்சுன்னு நெனைக்காதீங்க. 6119னா தேதிய மாத்த கிரவுன இழுக்கக் கூடாது, உள்ள அமுக்கணும். ராத்திரி 9 மணிலருந்து விடியக்காலை 3 மணி வரைக்கும் தேதிய தொடாதீங்க, பல்லு ஒடஞ்சிடும்.

என்ன வெல போகும்னு உங்க அண்ணன் கேக்கறாராம். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைல விரிச்சு வச்சிருக்கறவங்க இந்த மாதிரி டைட்டோனிக்கு பெருசா தர மாட்டாங்க, அதுவும் வேற ஒருத்தர் பேரு வெட்டியிருந்தா இன்னும் கொறைப்பாங்க. சர்வீஸுக்குப் போடற காசு வித்தா திரும்பாது, அத அண்ணன்கிட்ட நேராவே சொல்லிடுங்க.

சனிக்கிழமை காலைல அங்கிள் கடை திறந்திருக்கும், ஃபெர்ரில வந்தீங்கன்னா நான் கூட்டிட்டுப் போறேன். வர்றதுக்கு முன்னாடி அந்த டின்ன ஒரு தடவ வெள்ளைத் துணி மேல கவுத்துப் பாருங்க, வார் இத்துப் போனா பக்கிள் கழண்டு அடியில எங்கயாச்சும் கெடக்கும், ஒரிஜினலா இருந்தா அதுலயும் அந்தப் பூ இருக்கலாம், பட்டன்னு நெனச்சு யாரும் தூக்கிப் போட்டுடப் போறாங்க.